குழந்தைகளுக்கு மட்டும் மரியாதை

கடலூரில் புட்டி டாக்டரிடம் திட்டு வாங்காத ஒருவரை எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம். டாக்டர் இங்கே இருந்த எட்டு வருஷத்தில் அவர் பிள்ளை பெறாதவராக இருப்பார். இல்லையென்றால் அப்போது அவருக்கே ஐந்து வயதுக்குக் கீழே இருந்திருக்கும். மூன்றாவது வகை கிடையாது. தாசில்தார் வாங்கியிருக்கிறார், மீன் மார்க்கெட் அம்மாக்கள் வாங்கியிருக்கிறார்கள், ஒரு தடவை டிரான்ஸ்ஃபரில் வந்த இன்ஸ்பெக்டர் யூனிஃபாரத்தோடு நின்று வாங்கியிருக்கிறார். மாதச் சம்பளம் பெற்றுக்கொண்டு தினமும் வாங்கியவர்களில் நான் முதல் ஆள்.

இரண்டாயிரத்து நான்கில் மஞ்சக்குப்பத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். சிதம்பரத்துக்காரன். அண்ணாமலை நகரில் பி.காம். படித்துவிட்டு, படித்ததற்குச் சம்பந்தமில்லாத வேலையில் உட்கார்ந்த லட்சம் பேரில் ஒருவன். அதே மாதம்தான் அவரும் தலைமை டாக்டராக வந்தார். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் விவசாயக் குடும்பம். குள்ளமான உருவம், பெரிய தலை, அதைவிடப் பெரிய குரல். கண்ணாடி மட்டும் அசல் சோடாபுட்டி. அதன் வழியாக அவர் நம்மைப் பார்த்தால், நாம் ஏதோ தப்பு செய்திருக்கிறோம் என்று நமக்கே தோன்றிவிடும்.

பட்டப்பெயர் கண்ணாடியால் வந்ததில்லை. பால்புட்டியைக் கண்டால் அவருக்குச் சாமி வந்துவிடும். எந்தத் தாயின் கூடையில் புட்டி எட்டிப் பார்த்தாலும் பிடுங்கிவிடுவார். "இது பால்புட்டி இல்லம்மா, கிருமிக்கு நீ கட்டிக் குடுத்த மாடி வீடு" என்பார். பிடுங்கியதைத் தூக்கி எறிந்தாலாவது பரவாயில்லை. மற்ற ஆஸ்பத்திரிகளில் வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி வைத்துக் கேடயம், கோப்பை அடுக்குவார்கள். எங்கள் அலமாரியில் பால்புட்டிகள். ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்தில் சீட்டு ஒட்ட வேண்டும்: "வயிற்றுப்போக்கு, நெல்லிக்குப்பம்." "காதில் சீழ், பண்ருட்டி." மியூசியத்துக்கு வந்தவர்கள் மாதிரி ஜனங்கள் நின்று படித்துவிட்டு, பயந்துபோய், தங்கள் புட்டியைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போவார்கள். அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

இத்தனைக்கும் குழந்தைகளிடம் மனிதர் அப்படிக் குழைவார். குழைவார் என்பதுகூடச் சரியில்லை. மரியாதை கொடுப்பார். மூன்று வயதுக்காரன் உள்ளே நுழைந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

"வாங்க சார். உக்காருங்க. என்ன பண்ணுது?"

"இருமல் டாக்டர், மூணு நாளா" என்று அப்பன்காரன் ஆரம்பிப்பான்.

"உன்ன யாருய்யா கேட்டது? சாரைக் கேக்குறேன்."

சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க வூட்ல கன்னுக்குட்டி போட்டிருக்கு" என்பார்.

"அப்படிங்களா? என்ன கலர்?"

வெளியே நாற்பது டோக்கன் காத்துக்கொண்டிருக்கும். உள்ளே கன்றுக்குட்டியின் காதைப் பற்றி விசாரணை நடக்கும். அந்தப் பேச்சுக்கு நடுவில் ஸ்டெதஸ்கோப் நெஞ்சில் வைத்ததும் எடுத்ததும் குழந்தைக்கே தெரியாது. பிறகு அப்பன் பக்கம் திரும்புவார். முகம் மாறிவிடும். "பீடி குடிக்கிறியா? வாய ஊது."

ஆக, அந்த ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே வெளியே வந்தவர்கள் எல்லாம் பெற்றோர்கள்தான்.

இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது எல்லாமே சிரிப்பாக இருந்ததில்லை. இரண்டாம் வருஷம் ஒரு நாள், கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், கைக்குழந்தையோடு வந்தாள். காலையிலிருந்து எட்டுத் தடவை பேதி. டாக்டர் கண்ணில் முதலில் பட்டது குழந்தை இல்லை, கூடையிலிருந்த புட்டி. பிடித்துக்கொண்டார். படித்தவளா, படிக்காதவளா, மாமியார் சொன்னாளா, டி.வி.யில் பார்த்தாயா என்று ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் பொரிந்தார். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பி நடந்து போய்விட்டாள்.

எங்கள் தலைமை நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர். அவரை டாக்டர் ஒருவரைத் தவிர எல்லோரும் கண்டு பயப்படுவார்கள். அன்றைக்கு டாக்டரும் பயந்தார். சிஸ்டர் ஊசித் தட்டை மேஜை மேல் ணங்கென்று வைத்தார்.

"புட்டிய புடுங்கிட்டீங்க, சந்தோஷம். புள்ளைய யாரு பாக்குறது?"

டாக்டர் நேரே என் டோக்கன் மேஜைக்கு வந்து, "அட்ரஸ் எழுதினியா?" என்றார். எழுதியிருந்தேன். "வண்டிய எடு." அவருடைய பழைய ஸ்கூட்டரை நான் ஓட்ட, பின்னால் அவர் உப்பு சர்க்கரைப் பொட்டலங்களைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உச்சி வெயிலில் அந்தக் குப்பத்தில் வீடு வீடாகக் கேட்டுப்போய்க் கண்டுபிடித்தோம். குழந்தை பாயில் துவண்டு கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. டாக்டர் மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கரைசலைக் கலக்கி, ஒவ்வொரு கரண்டியாக இரண்டு மணி நேரம் ஊட்டினார். அழுவதற்குத் தெம்பு வந்து அது வாய் திறந்து கத்திய பிறகுதான் எழுந்தார்.

பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நான் மறக்கவே முடியாது.

"நான் திட்டுனது தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா நீ எழுந்து போன பாரு, அது அதவிடப் பெரிய தப்பு. அறிவிருக்கா உனக்கு?"

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். நான்கு நாள் கழித்துப் பிள்ளை சுகமாக வீட்டுக்குப் போனது.

வேறு யாராக இருந்தாலும் இதற்குப் பிறகு திட்டுவதைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் டாக்டர் விஞ்ஞான ரீதியாக யோசித்தார். நேருக்கு நேர் திட்டினால் மனசு புண்படுகிறது. ஆகவே பொதுவாகத் திட்ட வேண்டும். அடுத்த வாரம் வார்டு முழுக்க ஸ்பீக்கர் கட்டி, தன் அறையில் ஒரு மைக் வைத்துக்கொண்டார். தினமும் காலை பத்து மணிக்கு ஒலிபரப்பு.

"தாய்மார்களே, யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல. பொதுவாச் சொல்றேன். காய்ச்சக்காரப் புள்ளைக்கி சிப்ஸ் வாங்கிக் குடுக்குறவுங்களுக்கு மூளை இருக்கான்னு எனக்கு ஒரு சந்தேகம். பொதுவான சந்தேகம்தான். ஏழாம் நம்பர் கட்டில் அம்மா, அந்தப் பாக்கெட்ட கீழ வை."

ஸ்பீக்கர்களில் ஒன்று தவறுதலாகத் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. எதிர் டீக்கடைக்காரர் பத்து மணிக்குப் பாட்டை நிறுத்திவிடுவார். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் வந்த பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள். "பதினோராம் நம்பர் இன்னிக்கி நல்லா வாங்கிச்சு மாமா" என்று பேசிக்கொண்டு போவார்கள்.

இந்தப் பட்டப்பெயர் ஒரு தடவை அவரை வசமாக மாட்டிவிட்டது. அவருடைய ஒரே மகளுக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஊர் விசாரணைக்காக நேரே அந்த எதிர் டீக்கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். குழந்தை டாக்டர் எப்படி என்று கேட்டிருக்கிறார்.

"யாரு, நம்ம புட்டி டாக்டரா? தங்கமான மனுஷன். காலையில வந்ததும் முதல் வேலை, எத்தன புட்டின்னு எண்ணிப் பாக்குறதுதான்."

தாய்மாமனுக்கு டீ தொண்டையில் நின்றுவிட்டது. "டெய்லியுமா?"

"டெய்லி. உள்ள ஒரு அலமாரி பூரா வெச்சிருக்காரு, போய்ப் பாருங்களேன்."

அவர் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜாதகம் சரியில்லை என்று கடிதம் வந்தது. காரணம் எங்களுக்குத் தெரிந்தபோது, வார்டு பாயிலிருந்து ஸ்டெல்லா சிஸ்டர் வரை எல்லோரும் மூலைக்கு ஒருவராகப் போய்ச் சிரித்தோம். டாக்டர் மட்டும் மைக்கை எடுத்து, "விழுப்புரத்துக்காரங்களப் பத்தி நான் எதுவும் சொல்ல விரும்பல" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் சொன்னார். பிறகு டாக்டரின் மகள் தன்னோடு படித்தவனையே கட்டிக்கொண்டாள். அவன் எந்த டீக்கடையிலும் விசாரிக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு எதிரிகள் இல்லாமல் இருப்பார்களா? அறக்கட்டளையின் தலைவரே ஒரு நாள் பேரனோடு வந்தார். பட்டுச் சட்டை, விரல் நிறைய மோதிரம். வரிசையைப் பார்க்காமல் நேரே உள்ளே போனார்.

"புள்ளைக்கி சளி. ஒரு ஊசியப் போட்டு வுடுங்க, நான் போகணும்."

டாக்டர் எழுந்து பேரனுக்கு வணக்கம் வைத்தார். "வாங்க சார். ஒரு சின்ன விஷயம். உங்களோட வந்திருக்குற பெரியவரு டோக்கன் வாங்கல போலிருக்கே? வெளியில ஒருத்தன் குடுப்பான், வாங்கிட்டு வரச் சொல்றீங்களா?"

பேரன் உண்மையிலேயே தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் டோக்கன் வாங்கினார். இருபத்தாறாம் நம்பர். ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சளிக்கு ஊசி கிடையாது, வெந்நீர் ஆவிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். தலைவர் வெளியேறும்போது பார்த்த பார்வையிலேயே எல்லாம் எழுதியிருந்தது. எப்போது என்பதுதான் பாக்கி.

அதற்குள் 'தானே' புயல் வந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசியில், விடிந்தும் விடியாமலும் அடித்து ஓய்ந்தபோது கடலூரில் நேராக நின்ற மரங்களை எண்ணிவிடலாம். நான் அப்போது டோக்கனிலிருந்து உயர்ந்து, 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று கதவில் போர்டு மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்புறமே குடியிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால், கரண்ட் கிடையாது, போன் கிடையாது, வேப்பமரம் ஜெனரேட்டர் கொட்டகை மேல் படுத்திருந்தது. உள்ளே சூட்டுப் பெட்டிகளில் குறைமாதக் குழந்தைகள் நான்கு. அணில் குஞ்சு மாதிரி. பெட்டிகள் மெல்ல ஆறிக்கொண்டிருந்தன.

டாக்டர் முழங்கால் வரை சேறோடு அங்கே நின்றிருந்தார். எப்படி வந்தார் என்று கேட்க நேரமில்லை. மைக் வேலை செய்யவில்லை. ஆனால் அது ஒன்றும் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

"பெட்டி இல்லன்னா நெஞ்சு. அம்மாக்கள் ரெண்டு பேரு இங்க இருக்காங்க. ஆளுக்கு ஒண்ணு நெஞ்சோட சேத்துக் கட்டுங்க. மூணாவது புள்ளைக்கி அப்பன் எங்க?"

அப்பன் இருந்தான். நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிற முருகையன். ஆறடி உயரம், மீசை அதற்கேற்ற நீளம். சட்டையைக் கழற்றச் சொன்னதும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"வேணாங்க டாக்டர். நான் டிராக்டர் புடிக்கிற கையி. நசுங்கிடுங்க."

"நீ ஒண்ணும் ஓட்ட வேணாம். சும்மா உக்காரு. அவுங்களே பாத்துப்பாங்க."

ஸ்டெல்லா சிஸ்டர் குழந்தையை வைத்துத் துணியால் கட்டியதும் முருகையன் கண்ணை மூடிக்கொண்டு ஏதேதோ சாமி பெயரை முணுமுணுத்தான். நாலாவது குழந்தையின் தாய் ஆபரேஷன் ஆகி வேறு ஆஸ்பத்திரியில் இருந்தாள். தகப்பன் பண்ருட்டிப் பக்கம் ஊருக்குப் போனவன், வழியெல்லாம் மரம் விழுந்து மாட்டிக்கொண்டான். டாக்டரின் சோடாபுட்டி மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"சட்டையக் கழட்டு."

"சார், நான் அட்மினிஸ்ட்ரேட்டர்."

"அட்மினிஸ்ட்ரேட்டருக்கு நெஞ்சு கெடையாதா?"

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஒரு பிள்ளையைத் தூக்கிப் பழக்கமில்லை. சிஸ்டர் அந்தப் பெண்குழந்தையை என் மேல் வைத்துக் கட்டியபோது அதன் கால் விரல்கள் என் வயிற்றில் குளிர்ந்து பட்டன. மூச்சு விடுவதற்குக்கூடப் பயமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மா கொடுத்த பாலைச் சிஸ்டர் சங்கில் கொண்டுவந்து சொட்டுச் சொட்டாக ஊட்டுவார். சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தேன். இடையில் சிஸ்டர் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்வார். மறுபடி எனக்கு வரும்.

மறுநாள் பிற்பகல். எதிரில் முருகையன் தன் மகனிடம் டிராக்டர் கியர் பற்றி ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்தான். என் நெஞ்சில் சின்னதாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கத்தினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. டாக்டர் அறைக் கோடியிலிருந்து எப்படி வந்தார் என்றும் தெரியாது. உள்ளங்காலில் விரலால் சுண்டினார். முதுகைத் தேய்த்தார். மறுபடி சுண்டினார். ஆனால் குரல் மட்டும் உயரவே இல்லை.

"மேடம், அவசரப்படாதீங்க. இன்னும் நிறைய டைம் இருக்கு. வந்து ரெண்டு வாரந்தான ஆச்சு. ஊரே பாக்கலியே நீங்க."

மறுபடி சுண்டினார். குழந்தை ஒரு தரம் விக்கியது. பிறகு பூனைக்குட்டி போல் ஒரு சத்தம். என் நெஞ்சில் ஏறி இறங்க ஆரம்பித்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றுதான் கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். ரொம்பச் சாதாரணமான, களைத்துப்போன முகம். போட்டுக்கொண்டதும் பழைய ஆள் ஆகிவிட்டார்.

"நீ ஏன்யா அழுவுற? நெஞ்சு குலுங்குது பாரு. அவுங்க தூங்க வேணாமா?"

மூன்றாம் நாள் காலை, முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்து கிடந்த வழியில் மரங்கள் மேல் ஏறி ஏறி நடந்தே வந்து சேர்ந்தான் அந்தத் தகப்பன். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. தன் குழந்தையைச் சட்டையில்லாத ஒருவன் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து, "நீங்க யாருங்க?" என்றான். "அட்மினிஸ்ட்ரேட்டர்" என்றேன். இதைவிட நம்ப முடியாத பதிலை அவன் வாழ்க்கையில் கேட்டிருக்க மாட்டான். குழந்தையை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அன்று மாலை எங்கிருந்தோ ஒரு வாடகை ஜெனரேட்டர் வந்தது. நான்கும் பிழைத்தன.

பாராட்டு வரும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நானும் எதிர்பார்த்தேன். வந்தது மெமோ. பணி நேரத்தில், குழந்தை நெஞ்சில் இருக்கும்போதே, டவர் இருக்கிறதா என்று இரண்டு முறை செல்போனை எடுத்துப் பார்த்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்.

அடுத்த சில மாதங்களில் அறக்கட்டளைக் கூட்டம் நடந்தது. தலைவர் மறக்கிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இளைய தலைமை தேவை என்று அழகான தமிழில் தீர்மானம் போட்டார்கள். சால்வை போர்த்திப் புகழ்ந்து பேசினார்கள். டாக்டர் ஏற்புரைக்கு எழுந்து, மேடையில் இருந்த ஐந்து பேரின் ரத்த அழுத்தத்தையும் தொப்பையையும் பற்றித் தனித்தனியாகப் பேசினார். பின்வரிசையில் ஸ்டெல்லா சிஸ்டர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். சிரித்தாரா, அழுதாரா, நான் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் டாக்டர் யாரையும் பார்க்காமல் ஸ்கூட்டரில் போய்விட்டார். சிதம்பரத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில், ஒற்றை அறையில் கிளினிக் போட்டிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் இடத்துக்கு வந்த டாக்டர் நல்லவர். சிரித்த முகம். யாரையும் திட்டமாட்டார். ஆஸ்பத்திரி அவ்வளவு அமைதியாக இருந்ததில் எங்கள் யாருக்கும் வேலையே ஓடவில்லை.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அவளுக்கு நான்கு மாதம் ஆனபோது ஒரு சனிக்கிழமை மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். டாக்டர் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடை போட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். சித்திரை வெயிலில் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா மாட்டிக் கூட்டி வந்த புத்திசாலி யார் என்று தொடங்கி, அரை மணி நேரம். எங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தப்பவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். பரங்கிப்பேட்டை ரோடு தாண்டியதும் தாங்க முடியாமல் கேட்டாள்.

"கடலூர்ல இல்லாத டாக்டரா? புள்ளைக்கி ஒரு தும்மல்கூட இல்ல. இந்த வெயில்ல இவ்ளோ தூரம் இன்னாத்துக்கு வந்தோம்?"

"புள்ளைக்கி ஒண்ணும் இல்லதான்" என்றேன். "எனக்குத்தான் அவரப் பாக்கணும் போல இருந்துச்சு."